விரலில் 98 காட்டியும் மூச்சு வாங்குவது ஏன்? சிவப்பணுவும் ஆக்சிஜனும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2021ஆம் ஆண்டு, கொவிட்-19 பரவலின்போது, தெமாசெக் அறநிறுவனம் சிங்கப்பூரில் வீட்டுக்கு ஒன்று வீதம் ஆக்சிமீட்டரை இலவசமாக வழங்கியது. அதற்குப் பிறகு விரலில் மாட்டிப் பார்க்கும் அந்த எண் நம் குடும்பங்களில் பழகிப்போன ஒன்றாகிவிட்டது. நாட்பட்ட நுரையீரல் நோய், இதயச் செயலிழப்பு, சிறுநீரக நோய், இரத்தசோகை ஆகியவற்றோடு வாழும் பெரியவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்கள் அந்த எண்ணை ஒட்டிக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதப்பட்டுள்ளது. உங்கள் மருத்துவர் உங்களுக்கென்று வகுத்துத் தந்த அளவுகளே எப்போதும் முதன்மையானவை.

ஆக்சிமீட்டர் 98 காட்டுகிறது. ஆனால் அம்மாவால் ஒரு மாடிகூட ஏற முடியவில்லை. கருவி பழுதா?

பெரும்பாலும் கருவியில் பழுது இருக்காது. சிவப்பணுவில் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதமான ஹீமோகுளோபினில் எத்தனை விழுக்காடு ஆக்சிஜனால் நிரம்பியுள்ளது என்பதை, அதாவது ஆக்சிஜன் செறிவை, மட்டுமே அது சொல்கிறது. மொத்தம் எவ்வளவு ஹீமோகுளோபின் இருக்கிறது, இதயம் அதை எவ்வளவு வேகமாக அனுப்புகிறது, திசுக்களை அடைந்ததும் அது ஆக்சிஜனை விடுவிக்கிறதா என்ற மூன்றையும் அது சொல்லாது.

கணக்காகப் பார்த்தால் இது தெளிவாகும். ஒரு கிராம் ஹீமோகுளோபின் முழுமையாக நிரம்பினால் ஏறத்தாழ 1.34 மில்லிலிட்டர் ஆக்சிஜனைத் தாங்கும். டெசிலிட்டருக்கு (100 மில்லிலிட்டருக்கு) ஹீமோகுளோபின் 15 கிராம் உள்ள ஒருவருக்கு 98 விழுக்காடு செறிவு இருந்தால், ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் சுமார் 20 மில்லிலிட்டர் ஆக்சிஜன் இருக்கும். ஹீமோகுளோபின் 7 கிராமாகக் குறைந்துவிட்ட அம்மாவுக்கும் அதே 98தான் காட்டும். ஆனால் அவர் இரத்தத்தில் இருப்பதோ சுமார் 9.5 மில்லிலிட்டர். ஹீமோகுளோபின் 15 உள்ள வேறொருவரின் செறிவு 85க்கு இறங்கினாலும் அவர் இரத்தத்தில் 17 மில்லிலிட்டர் இருக்கும். அதாவது, 85 காட்டுபவரின் இரத்தம் 98 காட்டுபவரின் இரத்தத்தைவிட ஏறக்குறைய இரு மடங்கு ஆக்சிஜனைச் சுமக்கக்கூடும். 85 ஆபத்தில்லாத எண் என்று இதற்குப் பொருள் இல்லை. நுரையீரலில் கடும் சிக்கல் இருப்பதை அது காட்டுகிறது. நான் வலியுறுத்த விரும்புவது இதுதான்: செறிவு எண்ணை எப்போதும் ஹீமோகுளோபின் அளவோடு சேர்த்தே படிக்க வேண்டும். பலதுறை மருந்தகத்தில் எடுத்த கடைசி இரத்தப் பரிசோதனை முடிவையும் ஆக்சிமீட்டரோடு ஒன்றாக வைத்திருங்கள்.

ஹீமோகுளோபின் ஆக்சிஜனை எப்படிப் பிடிக்கிறது?

ஹீமோகுளோபின் நான்கு புரதச் சங்கிலிகளால் ஆனது; பெரியவர்களிடம் அவை பெரும்பாலும் இரண்டு ஆல்ஃபா, இரண்டு பீட்டா. ஒவ்வொரு சங்கிலியும் ஒரு ஹீம் வளையத்தைத் தாங்க, அந்த வளையத்தின் நடுவே ஓர் இரும்பு அணு இருக்கிறது. ஆக்சிஜன் அந்த இரும்பில்தான் ஒட்டுகிறது. முதல் ஆக்சிஜன் ஒட்டியதும் மூலக்கூறின் வடிவம் சற்றே மாறி, அடுத்தடுத்த ஆக்சிஜன்கள் எளிதாக ஒட்டுகின்றன. இறங்கும்போதும் அப்படியே: ஒன்று கழன்றால் மற்றவை எளிதாகக் கழலும். இந்த வடிவ மாற்றத்தை ஊடுகதிர்ப் படிகவியலால் காட்டிய மேக்ஸ் பெருட்ஸ் 1962இல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இதன் விளைவு நேர்கோடாக இல்லாமல் வளைந்த ஒரு வரைகோடு. ஆக்சிஜன் அழுத்தம் 100 மில்லிமீட்டர் பாதரசமாக இருக்கும்போது செறிவு 97 அல்லது 98. அழுத்தம் 60க்கு இறங்கினாலும் செறிவு ஏறத்தாழ 90இல் நிற்கிறது. அதற்குக் கீழே சரிவு செங்குத்தாகிறது: 40இல் 75, சுமார் 27இல் 50. செறிவு 97இலிருந்து 93க்கு இறங்கும்போதே நுரையீரலின் இருப்பு பெருமளவு கரைந்துவிட்டது என்பதையும், 90க்குக் கீழே போனால் நிலைமை மிக விரைவாக மோசமாகலாம் என்பதையும் குடும்பத்தார் நினைவில் வைக்க வேண்டும்.

எந்த இடத்தில் விட வேண்டும் என்பது சிவப்பணுவுக்கு எப்படித் தெரிகிறது?

உழைக்கும் தசை கரியமில வாயுவையும் அமிலத்தையும் வெப்பத்தையும் வெளிவிடுகிறது. இம்மூன்றும் ஆக்சிஜன்மீது ஹீமோகுளோபினுக்குள்ள பற்றைத் தளர்த்துகின்றன. கரியமில வாயுவின் இந்த விளைவை 1904இல் கிறிஸ்டியன் போரும் அவருடைய சக ஆய்வாளர்களும் கண்டறிந்தனர். நுரையீரலில் கரியமில வாயு வெளியேறியதும் பற்று மீண்டும் இறுகுகிறது. தேவை அதிகமுள்ள திசுவுக்கே அதிகம் கிடைக்கும்படி அமைந்த ஏற்பாடு இது.

2,3-பிபிஜி என்பது என்ன? மருத்துவர் ஒருவர் அதைப் பற்றிச் சொன்னார், புரியவில்லை.

சிவப்பணுவில் உட்கருவும் இல்லை, ஆக்சிஜனைக் கொண்டு ஆற்றல் உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாவும் இல்லை. ஆகவே, தான் சுமக்கும் ஆக்சிஜனை அது தனக்கென்று பயன்படுத்துவதில்லை. குளுக்கோசை ஆக்சிஜனின்றி உடைத்தே உயிர் வாழ்கிறது. அந்தப் பாதையின் நடுவில் ஒரு கிளை பிரிகிறது. 1950இல் ராப்பபோர்ட், லூபரிங் என்ற இருவர் விவரித்த அந்தக் கிளையில் 2,3-பிஸ்பாஸ்போகிளிசரேட் (சுருக்கமாக 2,3-பிபிஜி) என்ற சேர்மம் உண்டாகிறது. இந்தக் கிளைவழியே செல்லும்போது ஆற்றல் தரும் ஒரு படியைச் சிவப்பணு இழக்கிறது. இருந்தும் அந்தச் சேர்மம் ஹீமோகுளோபினுக்கு ஏறக்குறைய நிகரான எண்ணிக்கையில், லிட்டருக்குச் சுமார் 5 மில்லிமோல் அளவில், அணுவுக்குள் நிறைந்திருக்கிறது. நீண்ட காலம் யாருக்கும் விளங்காத இதன் பயனை 1967இல் ரைன்ஹோல்ட் பெனஷ், ரூத் பெனஷ் தம்பதியர் வெளிக்கொணர்ந்தனர்: அது ஆக்சிஜன்மீது ஹீமோகுளோபினுக்குள்ள பற்றைக் குறைக்கிறது.

ஆக்சிஜன் இல்லாத ஹீமோகுளோபினின் இரண்டு பீட்டா சங்கிலிகளுக்கிடையே ஒரு குழி திறந்திருக்கும். அந்தக் குழியின் சுவர்களில் நேர்மின்னூட்டம். 2,3-பிபிஜியோ எதிர்மின்னூட்டம் மிக்கது. அது அங்கே போய் அமர்ந்துகொண்டு, கதவு மூடிக்கொள்ளாமல் இருக்கச் சொருகிய ஆப்பைப்போல, மூலக்கூறை ஆக்சிஜனை விட்டுக்கொடுக்கும் வடிவத்திலேயே நிறுத்திவைக்கிறது.

இரத்தசோகை நீடிக்கும்போதும், இதயமோ நுரையீரலோ நலிந்து திசுக்களுக்கு ஆக்சிஜன் குறையும்போதும் இதன் அளவு கூடுகிறது. ஹீமோகுளோபின் 8இல் நின்றாலும் சிலரால் சமைக்கவும் சந்தைக்குப் போகவும் முடிவதற்கு இது ஒரு காரணம். குறைவு மெல்ல மெல்ல வந்ததால் அணுக்கள் ஈடுகொடுத்துவிடுகின்றன. அதே 8க்கு இரத்தப்போக்கால் ஒரே நாளில் இறங்கியவர் நிற்கக்கூட முடியாமல் தவிப்பார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நீரிழிவு முற்றி இரத்தம் அமிலமாகும்போது 2,3-பிபிஜி குறைகிறது. அமிலமே பற்றைத் தளர்த்துவதால் அந்தக் குறை அப்போது வெளியே தெரியாது. அமிலத்தை மட்டும் அவசரமாகச் சரிசெய்தால் இரண்டு உதவியும் ஒரே நேரத்தில் போய்விடும். நெடுநாள் சாப்பிடாதவருக்கு மீண்டும் உணவு தொடங்கும்போது பாஸ்பேட் சரிந்தாலும் இதே சேர்மம் குறையும். மருத்துவமனையில் பாஸ்பேட் அளவைத் திரும்பத் திரும்பச் சோதிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்படியானால் 2,3-பிபிஜி கூடக்கூட நல்லதுதானே?

எல்லா நேரத்திலும் அப்படியில்லை. விடுவது எளிதாகும்போது பிடிப்பது கடினமாகிறது. நுரையீரல் நன்றாக இருந்து ஹீமோகுளோபின் மட்டும் குறைவாக உள்ளவருக்குப் பிடிப்பதில் சிக்கல் இல்லை; ஆகவே கூடுதல் 2,3-பிபிஜி அவருக்குத் தெளிவான நன்மை. நுரையீரலிலேயே ஆக்சிஜன் அழுத்தம் மிகக் குறைந்துவிட்டவரிடம் அணுக்கள் பாதி நிரம்பியே கிளம்புவதால், அதே மாற்றம் அவருக்கு இழப்பாகவும் முடியலாம்.

நெல்லை மாவட்டத்துக் கூந்தன்குளத்திற்குக் குளிர்காலத்தில் வரும் வரித்தலை வாத்து இதற்கு ஓர் அரிய சான்று. இமயமலையைக் கடந்து வரும் அந்தப் பறவையின் ஹீமோகுளோபின், சமவெளியில் வாழும் அதன் இனத்துப் பறவைகளுடையதைவிட ஆக்சிஜனை இறுகப் பிடிப்பது. மனிதரிலும் இது சோதிக்கப்பட்டது. பிறவியிலேயே பற்று மிகுந்த ஹீமோகுளோபின் அமைந்த உடன்பிறப்புகளை 3,100 மீட்டர் உயரத்திற்கு அழைத்துச் சென்று செய்த ஆய்வு 1978இல் வெளியானது. சாதாரண ஹீமோகுளோபின் உள்ள உடன்பிறப்புகளின் உடற்திறன் குறைந்த அளவுக்கு அவர்களுடையது குறையவில்லை. ஆகவே ‘சிவப்பணுவின் ஆக்சிஜன் விடுதிறனைக் கூட்டும்’ என்று யாராவது ஒரு மாத்திரையை விற்றால், எந்த நோயாளிக்கு என்ற கேள்வியை முதலில் கேளுங்கள்.

தாயின் வயிற்றிலுள்ள குழந்தை எப்படி ஆக்சிஜன் பெறுகிறது?

கருவின் ஹீமோகுளோபினில் பீட்டாவுக்குப் பதிலாகக் காமா சங்கிலிகள் உள்ளன. அவற்றில் 2,3-பிபிஜி சரியாக ஒட்டுவதில்லை. அதனால் பற்று கூடி, தாயின் இரத்தம் விடுவதைக் குழந்தையின் இரத்தம் பிடித்துக்கொள்கிறது.

இரத்த வங்கியில் பல நாள் இருந்த இரத்தத்தை ஏற்றினால் பயன் உண்டா?

உண்டு. சேமிப்புக் கரைசலோடு குளிரில் வைக்கப்படும் சிவப்பணுக்களை 42 நாள்வரை பயன்படுத்தலாம். இரண்டு வாரங்களுக்குள் அவற்றிலுள்ள 2,3-பிபிஜி ஏறக்குறைய முழுவதும் தீர்ந்துவிடும். அப்படிப்பட்ட அணுக்கள் ஆக்சிஜனை நன்றாகப் பிடிக்கும், ஆனால் எளிதில் விடா. உடலுக்குள் சென்றபின் சில மணி நேரத்தில் அந்தச் சேர்மம் மீளத் தொடங்கி, இரண்டு மூன்று நாளில் பழைய நிலைக்கு வந்துவிடுகிறது. வேதியியலை மட்டும் பார்த்தால் புதிய இரத்தமே மேல் என்று தோன்றும். ஆனால் 2015க்கும் 2017க்கும் இடையில் வெளியான பெரிய ஆய்வுகள், புதிய இரத்தம் பெற்றவர்களுக்கும் பழைய இரத்தம் பெற்றவர்களுக்கும் இடையே உயிரிழப்பில் வேறுபாடு இல்லை என்றே காட்டின. தாத்தாவுக்கு ஏற்றும் பையில் தேதியைப் பார்த்துக் கலங்க வேண்டாம். குடும்பத்தார் செய்யக்கூடிய உருப்படியான காரியம், சுகாதார அறிவியல் ஆணையத்தின் இரத்த வங்கிக்குச் சென்று தாங்களும் கொடுப்பது. இங்கே இரத்ததானம் செய்யப் பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12.5, ஆண்களுக்கு 13.0 இருக்க வேண்டும்.

ஹீமோகுளோபின் 8தான் இருக்கிறது. ஏன் இன்னும் இரத்தம் ஏற்றவில்லை?

தீவிர சிகிச்சைப் பிரிவு நோயாளிகள் 838 பேரிடம் கனடாவில் நடத்தப்பட்டு 1999இல் வெளியான ஆய்வில், 7க்குக் கீழே இறங்கினால் மட்டும் இரத்தம் பெற்றவர்கள், 10ஐ எல்லையாக வைத்துப் பெற்றவர்களைவிட மோசமாகவில்லை. அன்றிலிருந்து, உடல்நிலை சீராக உள்ள நோயாளிகளுக்கு 7 என்பதே பொதுவான எல்லை. இதய நோய் உள்ளவர்களுக்கு, குறிப்பாக மாரடைப்பு வந்தவர்களுக்கு, இன்னும் உயர்ந்த எல்லையை மருத்துவர்கள் கருதுவார்கள்.

நம் தோலின் நிறத்தால் ஆக்சிமீட்டர் தவறாகக் காட்டுமா?

காட்டலாம். இதை நம் வீடுகளில் எல்லாரும் அறிந்திருக்க வேண்டும் என்பது என் விருப்பம். 1970களில் ஜப்பானின் டக்குவோ அவோயாகி வகுத்த முறைப்படி, இக்கருவி சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் விரல்வழியே அனுப்பி, இரண்டும் எவ்வளவு உறிஞ்சப்படுகின்றன என்று ஒப்பிட்டு எண்ணைத் தருகிறது. தோலின் நிறமியும் ஒளியை உறிஞ்சுவது. 2020 டிசம்பரில் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், கருவி 92 முதல் 96 வரை காட்டிய அளவீடுகளில், கறுப்பின நோயாளிகளிடம் 11.7 விழுக்காட்டிலும் வெள்ளையரிடம் 3.6 விழுக்காட்டிலும் உண்மையான செறிவு 88க்குக் கீழே இருந்தது. கருநிறத் தோலுள்ள தமிழர்களும் இதே எச்சரிக்கையைக் கைக்கொள்வது நல்லது.

ஒரே ஓர் எண்ணை நம்பாமல், உடல்நலமாக இருக்கும் நாளில் அப்பாவுக்கு வழக்கமாக எவ்வளவு காட்டும் என்று குறித்துவைத்து, அதிலிருந்து எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். கை குளிர்ந்திருந்தால் தேய்த்துச் சூடாக்குங்கள். நகப்பூச்சையும் அடர்கருப்பு மருதாணியையும் தவிர்த்து வேறு விரலில் வையுங்கள். எண் நிலைக்கும்வரை கையை அசைக்காமல் ஒரு நிமிடம் காத்திருங்கள்.

உதடு நீலமாகவில்லை என்பதும் ஆறுதல் அல்ல. நுண்குழாய் இரத்தத்தில் ஆக்சிஜன் இழந்த ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 5 கிராம் சேர்ந்தால்தான் நீலம் தெரியும். கடும் இரத்தசோகை உள்ளவரிடம் அந்த 5 கிராம் சேரவே வழியில்லாமல் போகலாம். கருநிறத் தோலில் நாக்கையும் உதட்டின் உட்புறத்தையும் பார்ப்பதே சரி. ஐயம் நீங்காதபோது, மருத்துவமனையில் மணிக்கட்டுத் தமனியிலிருந்து எடுக்கும் இரத்த வாயுச் சோதனைதான் விடை தரும். வலிக்கும், ஆனால் கரியமில வாயு, அமிலத்தன்மை ஆகியவற்றையும் அது சேர்த்தே சொல்லும்.

கருவி முற்றிலும் ஏமாந்துபோகும் நிலைகள் உண்டா?

இரண்டு உண்டு. கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பற்றோடு ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்கிறது. மீதமுள்ள இடங்களிலிருந்து ஆக்சிஜன் இறங்குவதையும் அது தடுக்கிறது. இத்தனைக்கும் கருவி வழக்கமான எண்ணையே காட்டும். மூடிய அறைக்குள் கரி அடுப்பு எரித்தவருக்குத் தலைவலியும் மயக்கமும் வந்தால் எண்ணைப் பார்த்துக்கொண்டிராமல் வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து அவசர எண் 995ஐ அழையுங்கள். இரண்டாவது, ஹீமின் இரும்பு ஆக்சிஜனேற்றம் அடைந்து மெத்தீமோகுளோபின் ஆவது. அது மிகும்போது எண் 85ஐ ஒட்டி நின்றுவிடும். ஆக்சிஜன் கொடுத்தாலும் ஏறாது. இரத்தம் சாக்லேட் நிறத்தில் வரும்.

எங்கள் பிள்ளைக்கு ஜி6பிடி குறைபாடு. இதற்கும் ஆக்சிஜனுக்கும் தொடர்பு உண்டா?

சிங்கப்பூரில் 1965 முதல் பிறந்த குழந்தைகளுக்கு இந்தச் சோதனை நடைபெறுகிறது. ஜி6பிடி என்ற நொதி, ஆக்சிஜனேற்றத் தாக்குதலிலிருந்து சிவப்பணுவைக் காக்கும் குளுட்டத்தையோனைப் புதுப்பித்துத் தருவதற்கு இன்றியமையாதது. மைட்டோகாண்ட்ரியா இல்லாத சிவப்பணுவுக்கு வேறு வழி கிடையாது. நொதி குறைந்தவருக்கு நாப்தலீன் கலந்த அந்துருண்டை, ஃபாவா பீன்ஸ், சில மருந்துகள் ஆகியவற்றால் அணுக்கள் திடீரென உடைந்து ஹீமோகுளோபின் சரியும். அப்போதும் செறிவு எண் வழக்கம்போல் இருக்கலாம். முகம் வெளிறுவதும், கண் மஞ்சளாவதும், சிறுநீர் தேநீர் நிறத்தில் போவதும்தான் அடையாளம். பட்டுப்புடவை வைத்த பெட்டியில் பாட்டி போட்டுவைத்த உருண்டைகளைக் குழந்தை உள்ள வீட்டிலிருந்து அகற்றிவிடுங்கள். நம் அவரைக்காய் வேறு செடி. ஃபாவா பீன்ஸ் வேறு. மெத்தீமோகுளோபினுக்குத் தரப்படும் மெத்திலீன் நீலமும் இவர்களுக்கு ஆகாது என்பதால், அவசரப் பிரிவில் முதலிலேயே குறைபாட்டைச் சொல்லிவிடுங்கள்.

நாட்பட்ட நுரையீரல் நோயுள்ள அப்பாவுக்கு 88 முதல் 92 வரை போதும் என்கிறார்கள். 98க்கு ஏன் ஏற்றக்கூடாது?

மனம் ஒப்பாத அறிவுரைதான்; ஆனால் உயிர் காக்கும் அறிவுரை. நோயுற்ற நுரையீரல், காற்று வராத பகுதிகளின் இரத்தக்குழாய்களைச் சுருக்கி, காற்று வரும் பகுதிகளுக்கு இரத்தத்தைத் திருப்பிவிட்டிருக்கிறது. அளவுக்கு மீறிய ஆக்சிஜன் அந்தச் சுருக்கத்தைக் கலைத்துவிடும். கூடவே, ஆக்சிஜன் நிரம்பிய ஹீமோகுளோபினால் கரியமில வாயுவை முன்புபோல் சுமக்க முடியாது. மூச்சுத் தூண்டுதலும் ஓரளவு தணிகிறது. மூன்றும் சேர்ந்து கரியமில வாயு தேங்கி, நோயாளி முதலில் தூங்கி வழிந்து, பிறகு நினைவிழக்கிறார். ஆம்புலன்சிலேயே ஆக்சிஜனை 88 முதல் 92 வரை அளந்து கொடுத்தபோது இறப்பு வெகுவாகக் குறைந்ததை, ஆஸ்திரேலியாவின் தாஸ்மேனியாவில் நடந்து 2010இல் வெளியான ஆய்வு காட்டியது. இந்த நோயாளிக்கு 90இல் ஹீமோகுளோபின் சுமக்கும் ஆக்சிஜன், 98இல் சுமப்பதைவிட மிகக் குறைந்ததன்று. புகைமூட்டக் காலத்தில் மூச்சு அதிகம் வாங்கினாலும் இயந்திரத்தின் அளவை நீங்களாகக் கூட்டாமல் மருத்துவரை அழையுங்கள்.

வீட்டில் ஆக்சிஜன் இயந்திரம் வைத்திருக்கிறோம். எத்தனை மணி நேரம் போட வேண்டும்?

ஓய்விலேயே தமனி ஆக்சிஜன் அழுத்தம் 55 மில்லிமீட்டர் பாதரசம் அல்லது அதற்குக் கீழ் உள்ள நாட்பட்ட நுரையீரல் நோயாளிகள் நாளுக்குக் குறைந்தது 15 மணி நேரம் பயன்படுத்தினால் ஆயுள் நீள்கிறது என்பதை 1980, 1981ஆம் ஆண்டுகளில் வெளியான அமெரிக்க, பிரிட்டிஷ் ஆய்வுகள் நிறுவின. மூச்சு வாங்கும்போது மட்டும் பத்து நிமிடம் போட்டுக்கொள்வதால் அந்தப் பயன் கிடைக்காது. செலவுக்கு மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கைப் பயன்படுத்த வழியுண்டு. மருத்துவ சமூக ஊழியரிடம் கேளுங்கள்.

நம் வீடுகளுக்கென்று ஓர் எச்சரிக்கை உண்டு. வீவக அடுக்குமாடி வீட்டின் வரவேற்பறையில் இயந்திரம் ஒரு மூலையிலும் சாமி மாடம் எதிர்மூலையிலும் இருக்கும். மூக்குக் குழாயோடு எழுந்து விளக்கேற்றப் போகும் பெரியவரின் சட்டையிலும் துண்டிலும் ஆக்சிஜன் ஊறியிருக்கும்; சிறு பொறியும் அதில் நொடியில் பற்றிக்கொள்ளும். விளக்கு, சாம்பிராணி, அடுப்பு, சிகரெட் எல்லாவற்றிலிருந்தும் தள்ளியிருக்கட்டும். மாடத்தில் மின்விளக்கு வைப்பதே பாதுகாப்பு.

சிறுநீரக நோய்க்கு ஏன் இரத்தம் ஊறும் ஊசி போடுகிறார்கள்?

ஆக்சிஜன் குறைவை உணர்ந்து, சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபொயட்டின் என்ற ஹார்மோனைச் சுரப்பது சிறுநீரகமே. உடலின் உயிரணுக்கள் அந்தக் குறைவை உணரும் விதத்தைக் கண்டறிந்த மூவருக்கு 2019இல் மருத்துவ நோபெல் பரிசு கிடைத்தது. சிறுநீரகம் கெட்டால் அந்த ஹார்மோன் குறைந்து இரத்தசோகை வருகிறது. ஊசி அதை ஈடுசெய்கிறது. ஹீமோகுளோபினை 13வரை உயர்த்த முயன்ற ஆய்வில் பக்கவாதம் கூடியதால், மருத்துவர்கள் 10 அல்லது 11 அளவிலேயே நிறுத்துகிறார்கள்.

பேரன் திருமணத்திற்குத் திருச்சிக்குப் பறக்க வேண்டும். அப்பாவின் செறிவு 92. போகலாமா?

பயண விமானத்தின் உள்ளழுத்தம் 8,000 அடி உயரத்திலுள்ள காற்றுக்கு நிகராக இறங்கக்கூடும். தரையில் 15 விழுக்காடு ஆக்சிஜனைச் சுவாசிப்பதற்கு அது சமம். நலமாக உள்ளவருக்கே செறிவு 90களின் தொடக்கத்திற்கு இறங்கும். தரையில் 92இல் இருப்பவர் வரைகோட்டின் சரிவுக்கு அருகில் நிற்கிறார்; அங்கிருந்து சிறிது இறங்கினாலும் வீழ்ச்சி பெரிது. பயணச்சீட்டு வாங்குமுன் நுரையீரல் மருத்துவரைப் பார்த்து, 15 விழுக்காடு ஆக்சிஜன் கொடுத்துப் பார்க்கும் சோதனை தேவையா என்று கேளுங்கள். இரத்தசோகையும் இருந்தால் அதை முதலில் சரிசெய்யுங்கள். விமானத்தில் சொந்த ஆக்சிஜன் உருளையைப் பொதுவாக அனுமதிக்கமாட்டார்கள். கையடக்க ஆக்சிஜன் இயந்திரத்தைப் பெரும்பாலும் ஏற்பார்கள். அதற்கு விமான நிறுவனத்தின் மருத்துவப் படிவத்தை மருத்துவர் முன்கூட்டியே நிரப்பித் தர வேண்டும். மின்கலம் பயண நேரத்தைவிடக் கூடுதலாகத் தாங்க வேண்டும்.